கீழாநெல்லியும் ஹெபடைடிஸ் பி தொற்றும்: மூலிகை ஆய்வு நோயாளிக்குச் சொல்வது என்ன?

கண் மஞ்சளாகத் தெரிந்தால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது, தமிழகத்தின் பல ஊர்களைப் போலவே பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலும் நெடுநாள் வழக்கம். இச்செடியில் வைரஸை எதிர்க்கும் பொருள் உள்ளதா என்னும் ஆய்வு சென்னையில் நடைபெற்று, 1988-ஆம் ஆண்டில் உலக மருத்துவர்களின் கவனத்தை ஈர்த்தது. அந்த ஆய்வு கண்டது என்ன, பின்னர் பிற நாடுகளில் நடந்த ஆய்வுகள் என்ன கூறின, ஹெபடைடிஸ் பி தொற்று உள்ளவரும் அவரைப் பராமரிப்பவரும் இவற்றிலிருந்து எதை அறிந்துகொள்ள வேண்டும் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியச் செய்திகள்

- மஞ்சள் காமாலை ஓர் அறிகுறி. அதற்குக் காரணமான நோய்கள் பல. எந்த நோய் என்பதை இரத்தப் பரிசோதனையால் மட்டுமே அறிய இயலும்.
- கண்ணின் மஞ்சள் நிறம் மறைவதும் உடலிலிருந்து வைரஸ் நீங்குவதும் ஒன்றல்ல.
- கீழாநெல்லி ஹெபடைடிஸ் பி வைரஸை உடலிலிருந்து நீக்கும் என்பது இதுவரை மெய்ப்பிக்கப்படவில்லை.
- மருத்துவர் பரிந்துரைத்த வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை மூலிகையை நம்பித் திடீரென நிறுத்துவது உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.
- பிறந்த 24 மணி நேரத்திற்குள் போடப்படும் தடுப்பூசி குழந்தையை இந்நோயிலிருந்து காக்கிறது.

மஞ்சள் காமாலை ஏன் ஏற்படுகிறது?

பழைய இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதைப் பித்தநீர் வழியாக வெளியேற்றுகிறது. கல்லீரல் வீக்கமுற்றாலோ, பித்தநாளம் அடைபட்டாலோ, சிவப்பணுக்கள் மிகுதியாகச் சிதைந்தாலோ அந்நிறப்பொருள் இரத்தத்தில் தேங்கிக் கண்ணிலும் தோலிலும் சிறுநீரிலும் தெரிகிறது. வைரஸ் தொற்று, மது, சில மருந்துகள், எலிக்காய்ச்சல், பித்தப்பைக் கல், புற்றுநோய் என இதற்குப் பல காரணங்கள் உண்டு.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் வைரஸ்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தால் எளிதில் விளங்கும்.

முதல் வகை ஏ, இ ஆகியவை. இவை மலம் கலந்த குடிநீர், உணவு வழியாகப் பரவுகின்றன. புயலுக்கும் வெள்ளத்திற்கும் பின்னர், ஆழமற்ற மணற்கிணறுகளில் கழிவுநீர் கலக்கும் இடங்களில் இவை பெருகும். நன்கு வேகாத மட்டி போன்றவற்றாலும் பரவலாம். பெரும்பாலோருக்கு இத்தொற்று சில வாரங்களில் தானாகவே முழுமையாக நீங்கிவிடும். எனினும் கருவுற்ற பெண்களுக்கு, குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், ஹெபடைடிஸ் இ உயிராபத்தை விளைவிக்கக்கூடும்.

இரண்டாம் வகை பி, சி ஆகியவை. இவை இரத்தம், பாலுறவு, தூய்மையற்ற ஊசி, பிறர் பயன்படுத்திய சவரக்கத்தி, பச்சை குத்தும் ஊசி ஆகியவற்றாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுகின்றன. இவை பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இன்றி உடலில் தங்கி, கல்லீரல் இறுக்கம் (சிரோசிஸ்), கல்லீரல் புற்றுநோய் ஆகியவற்றில் கொண்டுபோய் விடலாம். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுள் பலருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூடக் கண் மஞ்சளாவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 2.98 கோடிப் பேர் ஹெபடைடிஸ் பி தொற்றுடன் வாழ்ந்தனர்.

இந்த வேறுபாடே கீழாநெல்லி பற்றிய வினாவுக்கு அடிப்படை. ஏ அல்லது இ தொற்று கண்ட ஒருவர் கீழாநெல்லி அருந்தினாலும் அருந்தாவிட்டாலும் பெரும்பாலும் குணமடைவார். அருந்திய பின் குணமடைந்ததால் செடியே குணப்படுத்தியது என்று குடும்பம் எண்ணுவது இயல்பு. அதே நம்பிக்கையுடன் ஹெபடைடிஸ் பி உள்ளவரும் செடியை மட்டும் சார்ந்திருந்தால், வைரஸ் ஓசையின்றிக் கல்லீரலைச் சிதைத்துக்கொண்டிருக்கும்.

கீழாநெல்லி எந்தச் செடி?

இலைக்காம்பின் அடிப்பக்கத்தில் சிறு நெல்லிக்காய் போன்ற காய்கள் வரிசையாகத் தொங்குவதால் இச்செடி கீழ்க்காய் நெல்லி என்றும், பேச்சுவழக்கில் கீழாநெல்லி என்றும் பெயர் பெற்றது. சித்த மருத்துவத்தில் காமாலைக்கு நெடுங்காலமாக எடுத்தாளப்படும் மூலிகை இது. இதன் தாவரவியல் பெயர் ஃபில்லாந்தஸ் அமாரஸ். இதே இனத்தைச் சேர்ந்த மேலாநெல்லி, சிவப்புக் கீழாநெல்லி போன்றவையும் தோற்றத்தில் இதனை ஒத்திருக்கும். ஆனால் அவற்றிலுள்ள வேதிப்பொருள்களும் அவற்றின் அளவும் வேறு.

ஆய்வாளர்களுக்கே இக்குழப்பம் நேர்ந்துள்ளது. தொடக்கக் கட்டுரைகளில் இந்தியச் செடி ஃபில்லாந்தஸ் நிரூரி என்று குறிப்பிடப்பட்டது. அப்பெயருக்குரிய செடி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது என்பதும், ஆய்வுக்கு எடுக்கப்பட்டது ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்பதும் பின்னரே தெளிவாயின. வரப்பிலோ சாலையோரத்திலோ பறிக்கும் செடி எது என்பதில் நீங்களும் கவனமாக இருக்க வேண்டும் என்பதற்கு இது ஒரு சான்று.

சென்னையில் நடந்த ஆய்வு

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் டாக்டர் ஏ.எல். முதலியார் அடிப்படை மருத்துவ அறிவியல் முதுநிலைக் கல்வி நிறுவனம் உள்ளது. அங்கு பணியாற்றிய நுண்ணுயிரியலாளர் எஸ்.பி. தியாகராஜன், காமாலைக்கு மக்கள் பயன்படுத்திய மூலிகைகளை ஆய்வுக்கூடத்தில் சோதித்தார். கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி ஆகியவற்றின் சாறுகள் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜெனைச் சோதனைக் குழாயில் செயலிழக்கச் செய்வதாக அவரும் உடன் ஆய்வாளர்களும் 1982-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மேற்பரப்பு ஆன்டிஜென் என்பது வைரஸின் வெளியுறையில் உள்ள புரதம். ஒருவரின் இரத்தத்தில் அது காணப்பட்டால் அவருக்குத் தொற்று உள்ளது என்று பொருள். உங்கள் பரிசோதனை அறிக்கையில் எச்பிஎஸ்ஏஜி என்று குறிக்கப்படுவது இதுவே.

இந்த ஆன்டிஜெனை 1960-களில் கண்டறிந்தவர் அமெரிக்க மருத்துவ அறிவியலாளர் பரூக் புளும்பர்க். அதற்காக 1976-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர். அவருடைய ஃபிலடெல்ஃபியா ஆய்வுக்குழு கீழாநெல்லியைத் தானும் சோதித்தது. வைரஸ் பெருகுவதற்குத் தேவையான பாலிமரேஸ் என்னும் நொதியைச் சாறு தடுப்பதையும், இதே குடும்பத்து வைரஸால் பாதிக்கப்படும் உட்சக் என்னும் வட அமெரிக்கக் கொறிவிலங்கில் வைரஸின் அளவு குறைவதையும் அக்குழு 1987-ஆம் ஆண்டில் அறிவித்தது.

அடுத்த ஆண்டு, தியாகராஜன் குழுவும் புளும்பர்க்கும் இணைந்து மனிதரிடம் செய்த முதற்கட்ட ஆய்வு லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. வைரஸைச் சுமந்திருந்தவர்களுள் ஒரு பிரிவினருக்குக் கீழாநெல்லித் தூளும், மற்றொரு பிரிவினருக்கு மருந்தற்ற ஒப்பீட்டுத் தூளும் 30 நாள்களுக்குத் தரப்பட்டன. சிகிச்சை முடிந்து 15 முதல் 20 நாள்களுக்குப் பின் பரிசோதித்தபோது, கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் மேற்பரப்பு ஆன்டிஜென் காணப்படவில்லை. அதாவது 59 விழுக்காட்டினர். ஒப்பீட்டுப் பிரிவில் 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அவ்வாறு மறைந்தது. குறிப்பிடத்தக்க தீய விளைவுகளும் தென்படவில்லை.

நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றுக்கு அப்போது எளிதில் கிடைக்கும் மாத்திரை ஏதும் இல்லை. எனவே இம்முடிவு உலகெங்கும் பெரும் எதிர்பார்ப்பை எழுப்பியது.

பிற நாடுகளில் நடந்தவை

ஒரு மருந்து பயன் தருகிறது என்று ஏற்பதற்கு, ஓரிடத்தில் கிடைத்த முடிவு வேறிடங்களிலும் கிடைக்க வேண்டும். 1990-ஆம் ஆண்டில் தாய்லாந்து மருத்துவர்கள் அறிகுறியற்ற தொற்றாளர்களுக்கு ஃபில்லாந்தஸ் அமாரஸ் கொடுத்துப் பார்த்தனர். மேற்பரப்பு ஆன்டிஜென் நீங்கவில்லை என்று அதே லான்செட் இதழில் அவர்கள் அறிவித்தனர். 1994-ஆம் ஆண்டில் நியூசிலாந்து ஆய்வும் பலன் காணவில்லை.

2011-ஆம் ஆண்டில் காக்ரேன் என்னும் பன்னாட்டு மதிப்பாய்வு அமைப்பு, அதுவரை நடந்த 16 ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்தது. அவற்றில் 1,326 நோயாளிகள் பங்கேற்றிருந்தனர். மருந்தற்ற ஒப்பீட்டுத் தூளைவிட ஃபில்லாந்தஸ் இனச் செடிகள் நோயாளிக்கு நன்மை தருகின்றன என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்பதே அதன் முடிவு. வைரஸ் எதிர்ப்பு மருந்துடன் சேர்த்துத் தரும்போது சில ஆய்வுகளில் கூடுதல் பலன் தென்பட்டது. எனினும் அந்த ஆய்வுகள் நடத்தப்பட்ட முறையில் குறைகள் மிகுந்திருந்ததால், அதை உறுதியான முடிவாகக் கொள்ள இயலவில்லை.

முடிவுகள் ஏன் வேறுபட்டன?

சென்னை ஆய்வு பயனற்றது என்று கருத வேண்டா. அது முதற்கட்ட ஆய்வு என்றே அறிவிக்கப்பட்டது. முதற்கட்ட ஆய்வின் பணி, மேலும் தேடத் தக்கதா என்று காட்டுவது. அதன் முடிவை அப்படியே சிகிச்சையாக எடுத்துக்கொள்ள இயலாமைக்குச் சில காரணங்கள் உள்ளன.

- பங்கேற்றோர் எண்ணிக்கை சிறியது. இறுதியில் பரிசோதிக்கப்பட்ட இரு பிரிவினரின் எண்ணிக்கையும் சமமாக இல்லை. சிறு குழுவில் தற்செயலான வேறுபாடுகூடப் பெரிதாகத் தோன்றும்.
- நாள்பட்ட தொற்றில் ஆன்டிஜென் தானாகவே மறைவது அரிது. ஆனால் அண்மையில் தொற்று ஏற்பட்ட பெரியவர்களுள் பெரும்பாலோருக்குத் தானாகவே மறைந்துவிடும். ஆய்வில் யார் யார் சேர்ந்தனர் என்பது முடிவை மாற்றிவிடும்.
- செடியின் வேதிப்பொருள் அளவு மண், பருவம், பறிக்கும் காலம், உலர்த்தும் முறை ஆகியவற்றிற்கு ஏற்ப மாறும். ஓரிடத்துத் தூளும் மற்றோரிடத்துத் தூளும் ஒரே மருந்தாகா.

ஹெபடைடிஸ் பி வைரஸின் இயல்பையும் இங்கே கருத வேண்டும். இவ்வைரஸ் தன் மரபுப்பொருளை வளைய வடிவில் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் பதுக்கி வைக்கிறது. இரத்தத்தில் வைரஸ் குறைந்தாலும் அந்த மூலப்படி செல்லுக்குள் தங்கியிருக்கும். இன்றைய ஆற்றல்மிக்க மாத்திரைகளும் வைரஸ் பெருகுவதை அடக்குகின்றனவேயன்றி, பெரும்பாலோரிடம் அம்மூலப்படியை அழிப்பதில்லை. அதனாலேயே பலருக்கு நெடுங்காலச் சிகிச்சை தேவைப்படுகிறது. சில நாள் கீழாநெல்லியில் ஹெபடைடிஸ் பி வேரோடு போய்விடும் என்று எவரேனும் உறுதி கூறினால் அதை நம்ப வேண்டா.

செடியிலிருந்து மருந்து வரை

மூலிகையில் வைரஸை எதிர்க்கும் பொருள் உள்ளது என்று செய்தி வரும்போது, அது எந்தப் படியில் நிற்கிறது என்று கேளுங்கள். படிகள் பின்வருமாறு அமைகின்றன.

1. செடியைத் தாவரவியலாளர் உறுதிசெய்தல்.
2. சாறு எடுத்து, சோதனைக் குழாயிலும் வளர்ப்புச் செல்களிலும் வைரஸுக்கு எதிராகச் சோதித்தல்.
3. சாற்றிலுள்ள நூற்றுக்கணக்கான பொருள்களைப் பிரித்து, செயல்படும் பொருளைக் கண்டறிதல்.
4. அது வைரஸின் எந்தச் செயலைத் தடுக்கிறது என்று அறிதல்.
5. விலங்குகளில் நச்சுத்தன்மையையும் அளவையும் அறிதல்.
6. மனிதரிடம் முதலில் சிறு குழுவிலும், பின்னர் பல மருத்துவமனைகளில் பெருங்குழுக்களிலும் ஒப்பிட்டுச் சோதித்தல்.

கீழாநெல்லியில் ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் என்னும் லிக்னான்களும், ஜெரானின் போன்ற டானின்களும் பிரித்தறியப்பட்டுள்ளன. வளர்ப்புக் கல்லீரல் செல்களில் வைரஸின் மரபுச்செய்தி படியெடுக்கப்படுவதை இச்செடியின் சாறு குறைப்பதாக 1990-களில் கண்டனர். அவ்வாய்வுகளிலும் தியாகராஜன் பங்கேற்றார். ஆகவே மூன்றாம், நான்காம் படிகளில் மெய்யான முன்னேற்றம் உண்டு. ஆறாம் படியிலேயே இச்செடி தேறவில்லை.

இரண்டாம் படியைக் கடந்தவை பல; இறுதிப் படியை எட்டியவை மிகச் சில. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடுகளில் வளரும் ரைசோபோரா அபிகுலேட்டா என்னும் அலையாத்தி மரத்திலிருந்து எடுத்த கூட்டுச் சர்க்கரைப்பொருள், வளர்ப்புச் செல்களில் எச்.ஐ.வி. வைரஸைத் தடுப்பதாக அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர் க. கதிரேசனும் ஜப்பானிய ஆய்வாளர்களும் 1999-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அது மதிப்புள்ள கண்டுபிடிப்பு. ஆயினும் நோயாளிக்குரிய மருந்தாக மாறவில்லை. அலையாத்திப் பட்டையைக் காய்ச்சிக் குடிப்பதற்கு அவ்வாய்வைச் சான்றாகக் கொள்ளக் கூடாது. அலையாத்திக் காடுகளில் வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும் என்பதை ஏரியிலும் கழிமுகத்திலும் தொழில் செய்வோர் அறிந்திருக்கலாம். இயற்கையில் கிடைப்பது எல்லாம் தீங்கற்றது என்று கொள்ள இயலாது.

இறுதிப் படியை எட்டிய ஒன்றையும் காண்போம். ஃபுளூ காய்ச்சலுக்குத் தரப்படும் ஓசெல்டாமிவிர் மாத்திரையைச் செய்ய, பிரியாணியில் போடும் அன்னாசிப்பூவிலிருந்து எடுக்கப்படும் ஷிகிமிக் அமிலம் மூலப்பொருளாகப் பயன்பட்டது. அது பல வேதிவினைகளுக்குப் பின்னரே மருந்தாகிறது. அன்னாசிப்பூவை மென்றால் ஃபுளூ வைரஸ் அடங்காது. மூலிகைக்கும் மருந்துக்கும் இடையே உள்ள தொலைவை இது நன்கு காட்டுகிறது.

ஹெபடைடிஸ் பி தொற்று இருப்பதாகக் கூறப்பட்டால்

அச்சம் கொள்ள வேண்டா. தொற்றுள்ள எல்லோருக்கும் உடனடியாக மாத்திரை தேவைப்படுவதில்லை. ஆனால் எல்லோருக்கும் தொடர் கண்காணிப்பு தேவை.

- மேற்பரப்பு ஆன்டிஜென் ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட தொற்று எனப்படும். கல்லீரல் நொதிகள், இ-ஆன்டிஜென், இரத்தத்தில் வைரஸின் அளவு, வயிற்று ஸ்கேன் ஆகியவற்றைப் பார்த்து, சிகிச்சை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.
- சிகிச்சை தேவைப்படுவோருக்கு டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர் போன்ற மாத்திரை தரப்படும். நாள்தோறும் தவறாமல் உட்கொண்டால் கல்லீரல் இறுக்கமும் புற்றுநோயும் ஏற்படும் வாய்ப்பு குறைகிறது.
- உடல் நன்றாக உள்ளது என்றோ, மூலிகை அருந்துகிறோம் என்றோ, கடலுக்குப் பல நாள் தங்கல் செல்கிறோம் என்றோ மாத்திரையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அடங்கியிருந்த வைரஸ் மீண்டும் பெருகி, கல்லீரல் திடீரெனச் செயலிழக்கக்கூடும். கடலுக்குச் செல்லும் நாள்களைக் கணக்கிட்டு முன்கூட்டியே மாத்திரை பெற்றுக்கொள்ளுங்கள்.
- வாழ்க்கைத் துணை, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோர் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தொற்று இல்லாதோரும் எதிர்ப்பாற்றல் பெறாதோரும் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.
- மதுவை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

2018-ஆம் ஆண்டு ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய ஹெபடைடிஸ் வைரஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ், பி, சி தொற்றுகளுக்கான பரிசோதனையும் மருந்தும் அரசு மையங்களில் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. ஜூலை 28 புளும்பர்க்கின் பிறந்தநாள். உலக ஹெபடைடிஸ் நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது. ஹெபடைடிஸ் சி தொற்று பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரைச் சிகிச்சையிலேயே முழுமையாகக் குணமாகிறது. ஆகவே எந்த வைரஸ் என்று அறியாமல் காலம் கடத்துவது, குணமாகக்கூடிய நோயையும் முற்றவிடுவதாகும்.

கருவுற்ற தாய்மார்களுக்கு

இந்நோய்க்கு எதிரான தடுப்பூசிக்கு வழிவகுத்தது புளும்பர்க் கண்டறிந்த அதே ஆன்டிஜென்தான். அவரும் உடன் ஆய்வாளர் இர்விங் மில்மனும் தடுப்பூசி செய்யும் முறையை 1969-ஆம் ஆண்டில் வகுத்தனர். மூலிகை தர இயலாத உறுதியான பாதுகாப்பை இத்தடுப்பூசி தருகிறது.

பிறக்கும்போது இத்தொற்றைப் பெறும் குழந்தைகளுள் 10 பேரில் ஏறத்தாழ 9 பேருக்கு அது வாழ்நாள் முழுவதும் நீடிக்கிறது. பெரியவர்களாகி முதன்முறை தொற்றைப் பெறுவோருள் 100 பேரில் 5 பேருக்கும் குறைவானவர்களுக்கே அவ்வாறு நீடிக்கிறது. எனவே பிறந்த முதல் நாளே முக்கியமானது.

- ஒவ்வொரு கர்ப்ப காலத்திலும் ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.
- தாய்க்குத் தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் தவணைத் தடுப்பூசி போடப்பட வேண்டும். பின்னர் 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் தடுப்பூசி வழியாக இது தொடரும்.
- தாய்க்குத் தொற்று இருந்தால், குழந்தைக்கு இம்யூனோகுளோபுலின் ஊசியும் தரப்படும். வைரஸ் அளவு மிகுந்த தாய்க்குக் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் மாத்திரை தரப்படலாம்.
- தடுப்பூசி போடப்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் தரலாம்.
- கருவுற்ற பெண்ணுக்கும் பச்சிளங்குழந்தைக்கும் மருத்துவர் கூறாமல் கீழாநெல்லியோ வேறு சாறோ கொடுக்காதீர்கள். பிறந்த முதல் நாளிலேயே குழந்தையின் உடல் மஞ்சளானாலும், மலம் வெளுத்துப் போனாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கீழாநெல்லி அருந்த விரும்பினால்

மரபு மருத்துவத்தை மதிப்பதற்கும் முறையாகப் பரிசோதித்துக்கொள்வதற்கும் முரண்பாடு இல்லை. அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்த மருத்துவப் பிரிவுகள் இயங்குகின்றன. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் உள்ளது. பட்டம் பெற்ற சித்த மருத்துவரை அணுகுங்கள். பின்வருவனவற்றை நினைவிற் கொள்ளுங்கள்.

- முதலில் இரத்தப் பரிசோதனை, பின்னரே மற்றவை. அறிக்கையைச் சித்த மருத்துவரிடமும் காட்டுங்கள்.
- என்ன மூலிகை, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை உங்களுக்குச் சிகிச்சை தரும் எல்லா மருத்துவர்களிடமும் மறைக்காமல் கூறுங்கள். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் ஆகியவற்றுக்கு மருந்து உட்கொள்வோர் இதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும்.
- பெயரும் சேர்மானமும் குறிக்கப்படாத பொட்டலத் தூள்களைத் தவிருங்கள். அவற்றில் வேறு செடிகளோ உலோகங்களோ கலந்திருந்தால் நோயுற்ற கல்லீரல் மேலும் கெடும்.
- கண்ணிலோ மூக்கிலோ சாறு பிழிவது, கையில் சூடு வைப்பது ஆகியவை தீங்கு விளைவிக்கும்.
- உப்பும் மீனும் இல்லாத கடும் பத்தியம் பொதுவாகத் தேவையில்லை. நன்கு வேகவைத்த மீன், பருப்பு, முட்டை ஆகியவை உடல் தேற உதவும். வயிற்றில் நீர் சேர்ந்தவர்கள் மட்டும் உப்பைக் குறைக்குமாறு மருத்துவர் கூறுவார்.

பராமரிப்பவர்களுக்கு

ஹெபடைடிஸ் பி ஒன்றாக உண்பதாலோ, ஒரே படகில் தொழில் செய்வதாலோ, வலையைச் சேர்ந்து இழுப்பதாலோ, கைகுலுக்குவதாலோ, குழந்தையைக் கொஞ்சுவதாலோ பரவாது. நோயாளிக்குத் தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுக்குவது தேவையற்றது. அவர் மனத்தையும் புண்படுத்தும். சவரக்கத்தி, பல் துலக்கி, நகவெட்டி ஆகியவை மட்டும் தனியாக இருக்கட்டும். மீன் முள்ளோ கத்தியோ கிழித்த காயங்களைக் கழுவிக் கட்டுங்கள். சிந்திய இரத்தத்தைக் கையுறை அணிந்து, பிளீச்சிங் தூள் கரைசலால் துடையுங்கள்.

ஏ, இ தொற்றுகளைத் தவிர்க்க, குடிநீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துக் குடியுங்கள். கழிப்பறைக்குச் சென்ற பின்னும் உண்ணும் முன்னும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். உங்கள் தெருவில் ஒரே வாரத்தில் பலருக்குக் காமாலை கண்டால் கிராம சுகாதாரச் செவிலியருக்கு உடனே தெரிவியுங்கள். குடிநீரைச் சோதித்துப் பிறரைக் காக்க அது உதவும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

காமாலையுடன் பின்வருவனவற்றுள் ஒன்று இருந்தாலும் வீட்டு மருத்துவத்தில் நேரத்தைக் கழிக்காதீர்கள்.

- குழப்பமான பேச்சு, மிகுந்த தூக்கம், ஆளை அடையாளம் தெரியாமை
- இரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு
- நிற்காத வாந்தி, சிறுநீர் குறைதல்
- வயிறு அல்லது கால் வீக்கம்
- கடும் காய்ச்சல் அல்லது கடும் வயிற்றுவலி
- கருவுற்றிருத்தல்

அவசர ஊர்திக்கு 108 எண்ணையும், மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணையும் அழைக்கலாம்.

அடிக்கடி கேட்கப்படும் வினாக்கள்

கீழாநெல்லி அருந்திய பின் கண் தெளிந்துவிட்டது. இனிப் பரிசோதனை தேவையா?
தேவை. கண் தெளிவது பிலிருபின் குறைந்ததையே காட்டும். ஹெபடைடிஸ் பி, சி இருக்கின்றனவா என்பதை இரத்தப் பரிசோதனைதான் காட்டும்.

டெனோஃபோவிர் உட்கொண்டே கீழாநெல்லியும் அருந்தலாமா?
உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டா. எந்நிலையிலும் மாத்திரைக்கு மாற்றாக அதைக் கொள்ளக் கூடாது.

எனக்கு எந்த அறிகுறியும் இல்லை. நான் பரிசோதிக்க வேண்டுமா?
ஒருமுறையேனும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. குடும்பத்தில் எவருக்கேனும் ஹெபடைடிஸ் பி அல்லது கல்லீரல் புற்றுநோய் இருந்தாலோ, இரத்தம் ஏற்றப்பட்டிருந்தாலோ, பதிவு பெறாதவரிடம் ஊசி போட்டிருந்தாலோ, பச்சை குத்தியிருந்தாலோ கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்.

மூலிகை ஆய்வுகள் இனிப் பயனற்றவையா?
அல்ல. ஹெபடைடிஸ் பி வைரஸை வேரோடு நீக்கும் மருந்து இன்னும் தேடப்பட்டு வருகிறது. அது ஒரு செடியிலிருந்தும் வரலாம். அதுவரை, இன்று கைவசமுள்ள மாத்திரையும் தடுப்பூசியும் உயிர்களைக் காக்கின்றன. அவற்றைப் பெறுவதற்கான முதற்படி, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்யப்படும் இரத்தப் பரிசோதனை.